பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

ஏனுங்க,

மேசை மேல் ஒரு பேட்டரி செல் கிடக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, ஓரத்தில் லேசாகக் கறை படிந்து. நம் பம்ப் சோதனை அறையில் இருக்கும் கணினியின் போர்டிலிருந்து சில நாட்களுக்கு முன் நான் நெம்பி எடுத்தது. கேபினெட்டைத் திறந்ததும் அந்த அறையின் வாடை மொத்தமும் உள்ளே இருந்து வந்தது. தொட்டித் தண்ணீர், கிரீஸ், சூடான மோட்டாரின் வார்னிஷ். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். தும்மல்தான் வந்தது.

நமக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இருந்ததில்லை. பதினாறு வருடம் அடுத்தடுத்த நாற்காலி. நான் "ஏனுங்க" என்பேன், நீங்களும் "ஏனுங்க" என்பீர்கள். "ஒரே ரூமுல ரெண்டு ஏனுங்க இருந்தா யாரு யாரைக் கூப்புடறீங்கன்னு எப்படித் தெரியுமுங்க?" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். நமக்குத் தெரிந்தது. அதனால் மடலையும் அப்படியே தொடங்கிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை அறையைத் திறந்து கணினியைப் போட்டால் சோதனை மென்பொருள் ஓட மாட்டேன் என்றது. நீர் அளக்கும் மீட்டரின் சான்றிதழ் இன்னும் எழுதப்படவே இல்லையாம். என்னடா கூத்து என்று மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் உட்கார்ந்திருந்தது. ஞாயிறு முழுக்க கரண்ட் இல்லை. அதற்கு முன்பே நெட் கேபிளை எலி வேறு கடித்து வைத்திருந்தது.

கணினிக்குள் இரண்டு கடிகாரம் இருப்பதை மேனேஜருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. ஒன்று போர்டில் இருப்பது. கரண்ட் போனாலும் இந்தச் செல்லை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று கணினியை ஓட்டும் லினக்ஸ் மென்பொருள் தானாக வைத்துக்கொள்வது. எழுந்திருக்கும்போது போர்டிடம் ஒரு தடவை மணி கேட்டுக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருக்கும் ஒரு டைமரின் துடிப்பை எண்ணி எண்ணித் தன் மணியை நடத்தும். நெட் இருந்தால் வெளியிலிருந்து சரியான நேரம் வந்து இரண்டையும் திருத்திவிடும். செல் செத்து, நெட்டும் இல்லையென்றால் கணினிக்குத் தன் வயதே தெரியாது. "அப்ப செல்லை மாத்துங்க, அவ்வளவுதான?" என்றார் அவர். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஏனென்றால் இந்தச் செல்லைப் பற்றி எட்டு மாதத்துக்கு முன்பே நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிகாரக் கிறுக்கு ஊருக்கே தெரியும். சுவரில் இருப்பது, கையில் கட்டியிருப்பது, வீட்டு அலாரம் எல்லாமே பத்து நிமிடம் முன்னால் ஓட வேண்டும். இளவயதில் மில்லில் முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் சூலூர் பஸ்ஸை விட்டுவிட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டீர்களாம். அன்று திருப்பி வைத்த முள்ளை அப்புறம் நீங்கள் தொடவே இல்லை. இதில் வேடிக்கை, நம் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. நான் சீண்டுவேன்.

"எப்படியும் மனசுக்குள்ள பத்து நிமிசத்தைக் கழிச்சுத்தான பாக்கறீங்க? அப்பறம் எதுக்குங்க இது?"

"கழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பயம் வருதில்லீங்க? அதுக்குத்தான்."

சுவர்க் கடிகாரத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. சோதனைக் கணினியையும் நீங்கள் விடவில்லை. பதிவேட்டில் கையால் எழுதுவது சுவரைப் பார்த்து, கணினி பதிவது வேறு மணி என்றால் குழப்பம் என்பது உங்கள் கட்சி. அதனால் நெட் வழியாக வரும் நேரத்தை அணைத்துவிட்டு, கணினியையும் பத்து நிமிடம் தள்ளி வைப்பீர்கள். நான் வந்து நெட் நேரத்தைப் போடுவேன். நான் டீ குடிக்கப் போனதும் நீங்கள் மறுபடி அணைப்பீர்கள். பிடித்த முயலுக்கு மூன்று கால். போர்டுக் கடிகாரத்தைக்கூட, உலகமெல்லாம் வைக்கிற பொது நேரத்தில் வைக்காமல் இந்திய மணியிலேயே வைத்து, லினக்ஸுக்கும் அதைச் சொல்லி வைத்திருந்தீர்கள். "நம்மூரு மிசினுக்கு வெளிநாட்டு மணி எதுக்குங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

அந்தக் கடைசி நாள் காலையிலும் இதே பஞ்சாயத்துதான். மறுவாரம் தரச் சான்றிதழுக்காக ஆய்வுக்கு வருகிறார்கள், நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். ஒன்பதே காலுக்கு நான் நெட் நேரத்தைப் போட்டேன். நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது உங்க ஊட்டுக் கடிகாரமில்லீங்க" என்று சொன்னேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். அன்று சிரிக்கவில்லை. பத்து மணிக்கு நான் மேட்டுப்பாளையம் கிளம்பிவிட்டேன். ஒரு பாக்குத் தோட்டத்தில் நம் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று புகார் வந்திருந்தது.

மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், உங்கள் பேர். மறுபடியும் கடிகாரம்தான் என்று நினைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். மணி ஒன்று பன்னிரண்டு. இது என் போனில் இருக்கிறது. போனில் மணி தப்பாது.

ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு முடித்து வந்தவர்கள், பெஞ்சுக்குப் பக்கத்தில் நீங்கள் தரையில் கிடந்ததைப் பார்த்தார்கள். மாரடைப்பு. மோட்டார் மட்டும் தொட்டியில் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை என்று மேனேஜர் இன்றைக்கும் சொல்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி முடிந்ததும் உங்கள் வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். உங்கள் போன் அவர்கள் கையில் இருந்தது.

"தம்பி, அன்னிக்கு உங்களுக்கு அடிச்சிருக்காருங்க. எதுக்குன்னு தெரியுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"கம்ப்யூட்டருக்கு ஒரு செல்லு வாங்கோணும்னு பேசிட்டிருந்தோமுங்கக்கா. வரும்போது வாங்கியாரச் சொல்லத்தான் கூப்புட்டிருப்பாருங்க."

அக்கா என் முகத்தையே பார்த்தார்கள். "அப்படித்தானுங்க இருக்கும். மேனேஜரும் சொன்னாரு, கம்ப்யூட்டருல ஒண்ணு இருபதுக்குப் பதிஞ்சிருக்குதாமா. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காரு" என்றார்கள்.

ஒன்று இருபது. உங்கள் கடைசிப் பதிவு. மேனேஜர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். எழுநூற்று முப்பத்தொன்பதாம் நம்பர் மோட்டார், மூன்றாவது அளவு. அந்த மணி சரியென்றால், எனக்குக் கூப்பிட்டு எட்டு நிமிடம் கழித்தும் நீங்கள் வால்வைத் திருகி, அளவு பார்த்து, பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது சாதாரண அழைப்பு. ஆனால் கணினியை நீங்கள் மறுபடியும் பத்து நிமிடம் தள்ளி வைத்திருந்தால் கடைசிப் பதிவின் நிஜ மணி ஒன்று பத்து. அதற்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான் என் போன் அடித்திருக்கிறது. அப்படியென்றால் அது என்ன அழைப்பு என்று நான் எழுத வேண்டியதில்லை. மேனேஜர் அறை உங்கள் அறையிலிருந்து ஐம்பது அடி. நான் எடுத்திருந்தால் அவரை ஓடிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

எது என்று தெரிந்துகொள்ளக் காரியத்துக்கு முன்பே வழி இருந்தது. நீங்கள் போனபின் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து கணினியைப் போட்ட அன்று, மூலையில் மணியைப் பார்த்து என் போனோடு ஒப்பிட்டிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுங்களா? மணி தெரியும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நெட் நேரத்தைப் போட்டேன். கையை எடுத்தபோது மணி சரியாகியிருந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், கணினித் திரையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், மோட்டார்களைச் சோதித்தேன். உங்கள் நாற்காலியில் யாரோ கேட்லாக் கட்டுகளை வைத்தார்கள், அதுவும் சரியென்றுதான் பட்டது. மரத்துப் போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி சில சமயம் உங்கள் பேரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் ஆகாது.

திங்கட்கிழமை புதுச் செல்லைப் போட்டு, போர்டில் மணியை வைத்து, கணினியைத் திரும்ப எழுப்பினேன். ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. கால் மணி நேரம் விழித்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. நான் வழக்கப்படி, நம் மணிக்கு ஐந்தரை மணி பிந்திய பொது நேரத்தை வைத்திருக்கிறேன், லினக்ஸ் உங்கள் பேச்சை நம்பி அதை இந்திய மணி என்று படித்திருக்கிறது. "வெளிநாட்டு மணி எதுக்குங்க?" என்ற குரல் காதில் கேட்டது. உங்கள் ஏற்பாட்டை மாற்றவில்லை. போர்டிலேயே இந்திய மணியை வைத்துவிட்டேன்.

அதோடும் தீரவில்லை. காலையில் வைத்த மணி மாலைக்குள் நாலு நிமிடம் பின்தங்கியது. செல் புதிது, ஓடிக்கொண்டிருக்கும்போது பின்தங்கினால் குற்றம் செல்லில் இல்லை, துடிப்பை எண்ணுகிற இடத்தில். லினக்ஸின் பதிவுக் குறிப்புகளைத் திறந்தேன். தான் நம்பியிருந்த டைமர் நிலையாக ஓடவில்லை, அதைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறேன் என்று அதுவே புகார் எழுதி வைத்திருந்தது. தொடங்கும்போதே இரண்டாவது டைமரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. சேர்த்தேன். மறுநாள் முழுக்கப் பார்த்தேன், ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

ஆனால் இந்தப் புகார் எப்போதிலிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும், பழைய சோதனைகளின் நேரம் சரியா என்று மேனேஜர் கேட்பார். பழைய குறிப்புகள் எதையும் நான் அழித்ததில்லை. "அந்தக் குப்பையை எதுக்குங்க சேத்து வெக்கறீங்க?" என்று கேட்பீர்களே, அந்தக் குப்பைதான். முதல் புகார் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தது. அதற்கு முன் டைமர் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறது. அங்கேயே மூடியிருக்கலாம். மூடவில்லை. எட்டு மாதம் பின்னால் போனேன்.

அந்தக் குறிப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரம் உண்டு. ஒன்று கடிகார மணி, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். இன்னொன்று கணினி எழுந்ததிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்கிற எண்ணிக்கை. அதை நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. ஒன்பதே காலுக்கு நான் நெட் நேரத்தைப் போட்ட வரி இருந்தது. பதினொன்று ஐந்துக்கு நெட் நேரம் அணைக்கப்பட்டதாக ஒரு வரி. அதற்கடுத்த வரி, நேரம் மாற்றப்பட்டது. இரண்டு வரிக்கும் நடுவே எண்ணிக்கைப்படி ஆனது இருபது விநாடி. கடிகாரப்படி பத்து நிமிடமும் இருபது விநாடியும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நேரத்தை யாரும் தொடவில்லை.

ஆக, ஒன்று பத்து.

நான் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்தில் மறுபடி வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொண்டு வைத்தீர்களா, சிரித்துக்கொண்டே வைத்தீர்களா என்று குறிப்பில் இல்லை. நான் நாற்காலியில் இருந்து எழுந்து போய் மோட்டாரை ஓடவிட்டு, அளவு எடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் பராமரிப்பு நோட்டில் எழுதினேன். செல் மாற்றப்பட்டது. டைமர் மாற்றப்பட்டது. நேரம் சரிசெய்யப்பட்டது. உங்கள் நாளைப் பற்றி ஒரு வரி எழுத இடம் விட்டேன். விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகச் சூலூர் பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முழுப் பூசணிக்காயை எட்டு மாதமாகச் சோற்றில் மறைத்தாயிற்று. செல் என்று நான் சொன்னது பொய், உங்கள் வீட்டுக்காரர் உயிருக்காகக் கூப்பிட்டார், நான் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டேன். இதைத்தான் சொல்ல வேண்டும், இதே வரிசையில். பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. ஏன் எளைச்சுப் போனீங்க?" என்றார்கள் அக்கா. காபி கொடுத்தார்கள். கூடத்துக் கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது. பழக்கத்தில் பத்தைக் கழித்துக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்து பழைய செல்லை எடுத்து மேசை மேல் வைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். "இதுதானுங்களா அந்தச் செல்லு?"

"ஆமாங்கக்கா. ஆனா..."

"இத்தனூண்டு." கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்கள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலீங்க தம்பி. யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்கு அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அடிச்சாருங்க. ஒண்ணு பதினொண்ணுக்கு. கிரைண்டர் ஓடிட்டிருந்துது, கையெல்லாம் மாவு. அவரு பேரைப் பாத்தேன். பாத்துப்போட்டுத்தான் உட்டேன். பொறவு கூப்புட்டுக்கலாம்னு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பதினாறு நாளும் நான் தூங்கலீங்க. போனை எடுத்து எடுத்து அந்த மணியவே பாத்துட்டிருப்பேன். நீங்க செல்லு வாங்கத்தான் கூப்புட்டாருன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்குத்தான் படுத்தேன். சரி, எனக்கும் அந்த மாதிரி ஏதோ ஒண்ணுக்குத்தான் அடிச்சிருப்பாரு, அதுக்கப்பறமும் வேலை செஞ்சிருக்காரே, ஒண்ணு இருபதுக்குப் பதிஞ்சிருக்குதேன்னு." செல்லை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். "செல்லு வாங்கத்தானுங்களே கூப்புட்டாரு?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மூன்று வாக்கியமும் அதே வரிசையில் நினைவில் இருந்தன. அக்காவின் விரல் நகத்தில் காய்ந்த மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தது. இன்றைக்கும் ஆட்டியிருக்கிறார்கள் போல.

"ஆமாங்கக்கா" என்றேன். "செல்லு வாங்கத்தான்."

"ஒண்ணு இருபது வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"நல்லாத்தானுங்க இருந்தாரு."

அக்கா எழுந்து போய் விளக்கைப் போட்டார்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டு தோசை சாப்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்து, "நேரம் கெடைக்கறப்ப வாங்க தம்பி" என்றார்கள். "வாரேனுங்கக்கா" என்றேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அழுகை வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், "ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று கேட்டார். அந்த "ஏனுங்க"வைக் கேட்டதும் இன்னும் அழுதேன்.

இன்று காலை எலி கடித்த கேபிளையும் மாற்றிவிட்டார்கள். சோதனைக் கணினி இப்போது ஊர் உலகத்தோடு ஒத்த நேரத்தில் ஓடுகிறது. இனி நெட் நேரத்தை அணைக்க ஆளில்லை. பதினாறு வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அந்த ஒன்று இருபதை மட்டும் திருத்தவில்லை. பழைய குறிப்புகளில் அந்த நாளை அழித்துவிட்டேன். அது குப்பைதான், நீங்கள் சொன்னது சரி. இந்த மடலைத் தவிர உங்கள் ஒன்று பத்து இனி எங்கேயும் எழுத்தில் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அக்காவுக்கு ஒன்று இருபது இருக்கட்டும். நடுவில் இருக்கிற பத்து நிமிடத்தை நான் வைத்துக்கொள்கிறேனுங்க.